ஏரியிலிருந்து நான் எடுத்த படகு

போன மாதம் வெளிவந்த ஒரு சரித்திர நாவலின் கடைசிப் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. நன்றி சொல்வதற்காக அல்ல. முதல் பதிப்பில் எட்டாம் அத்தியாயத்தை நீக்கியது சரிபார்ப்பாளர் சலீமின் தவறு என்று பளிச்சென்று அச்சிட்டிருக்கிறார்கள். போடச் சொன்னதே நான்தான். பதிப்பகத்தில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு போன் செய்தார்கள். இன்றைக்கு அவர்கள் நாவலைக் கம்ப்யூட்டரில் கொடுத்தால் எந்தப் பொருள் எந்தக் காலத்தில் கிடையாது என்று அதுவே கோடு போட்டுக் காட்டிவிடுகிறதாம். எனக்கு ஒரு மாதம் பிடித்த வேலை அது. நல்லதுதான், என் கண்ணாவது பிழைத்திருக்கும். அந்தக் காலத்தில் எப்படிப் பார்த்தீர்கள், அப்படிப் பார்த்தும் எப்படித் தப்பு வந்தது என்று எழுதித் தரச் சொன்னார்கள். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஆசை. இரண்டாவதற்கு அவ்வளவாக இல்லை. ஆனால் இரண்டும் ஒரே கதைதான்.

உத்திரமேரூர் பஜாரில் எங்கள் அத்தாவுக்கு மளிகைக் கடை. நான் படித்துவிட்டுக் கல்லாவில் உட்காராமல் சென்னைக்குப் போய், சரித்திர நாவல்களே பிரதானமாகப் போடும் ஒரு பதிப்பகத்தில் புரூஃப் திருத்தச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் கமாவும் கால்புள்ளியும் ஒன்றுதான் என்று தெரிந்துகொண்டதைத் தவிரப் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஒருநாள் ஒரு சோழர் கால நாவலில் அரண்மனைச் சமையற்காரி மிளகாய் வற்றலைத் தாளித்துக் கொட்டினாள். எனக்குத் தும்மல் வந்த மாதிரி இருந்தது. மிளகாயெல்லாம் கப்பலில் வந்த சரக்கு, அதற்கு முன்னால் காரமென்றால் மிளகுதான் என்று அத்தா மூட்டை பிரிக்கும்போதெல்லாம் சொல்லுவார். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினேன். புரூஃப் திருத்துகிறவனுக்கு அது வேலை இல்லை. மறுநாள் எடிட்டர் கூப்பிடுகிறார் என்றதும் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

எடிட்டர் பெயர் வேதவல்லி அம்மாள். எங்களுக்கெல்லாம் அம்மா. அப்போது ஐம்பது வயதிருக்கும். மேஜைமேல் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம் எழுதும் பென்சில், பக்கத்தில் ஒரு சாதாரணக் கறுப்புப் பென்சில், மோர் டம்ளர். வேறு ஒன்றும் இருக்காது. நான் போய் நின்றதும் அவர் மிளகாயைப் பற்றிப் பேசவே இல்லை. எங்கள் கடையில் என்னென்ன விற்கிறோம் என்று கேட்டார். நான் துவரம்பருப்பில் ஆரம்பித்துப் பெருங்காயம் வரை ஒப்பித்தேன். இதில் எதெல்லாம் கப்பலில் வந்தது என்றார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அன்றிலிருந்து நான் சரிபார்ப்பாளன்.

அம்மாவின் முறை இதுதான். ஒரு நாவலை மூன்று தடவை படிக்க வேண்டும். முதல் தடவை வயிறு. யார் எதைத் தின்கிறார்கள், குடிக்கிறார்கள், வெற்றிலையில் எதை வைத்து மடிக்கிறார்கள் என்பதை மட்டும் பார்க்க வேண்டும். இரண்டாம் தடவை கால். யார் எங்கிருந்து எங்கே போகிறார்கள், எவ்வளவு நேரத்தில் போகிறார்கள். ஒரு பல்லவ இளவரசன் காலையில் காஞ்சியில் குதிரை ஏறி, மாமல்லபுரத்தில் கப்பல்களைப் பார்வையிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு அரண்மனைக்கு வந்துவிட்டான். அந்தக் குதிரைக்குத் தண்ணீர் காட்டவாவது நேரம் கொடுங்கள் என்று எழுத்தாளரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. மூன்றாம் தடவை வானம். நிலா, மழை, மாதம். அமாவாசை இருட்டில் கடத்தப்பட்ட கதாநாயகி நாலாம் நாள் பௌர்ணமியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது எங்கள் நாவல்களில் சர்வசாதாரணம்.

மூன்று வாசிப்பிலும் சந்தேகப்படும் ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் மூன்று கட்டம் அச்சிட்டிருக்கும். இருந்தது, இல்லை, தெரியவில்லை. இருந்தது என்றால் நீலப் பென்சில், இல்லை என்றால் சிவப்பு, தெரியவில்லை என்றால் கறுப்பு. தெரியவில்லை என்று போட்டால் அந்த இடத்தைத் தொடக்கூடாது. யாரையாவது கேட்டு வரும்வரை அது எழுத்தாளர் எழுதியபடியே இருக்க வேண்டும். வெட்டிய பக்கங்களையும் தூக்கிப் போடக்கூடாது. ஏன் வெட்டினோம் என்று அந்தச் சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பக்கத்தோடு சேர்த்து ஒரு பழுப்பு உறையில் வைக்க வேண்டும். எதற்கம்மா இந்தக் குப்பை என்று ஒருமுறை கேட்டேன். ஒருத்தர் எழுதினதை எடுத்தோம்னா, எடுத்தது யாருன்னு எழுதி வைக்கணும் இல்லையா என்றார்.

திருத்தங்களை எழுத்தாளருக்குத் தபாலில் அனுப்ப விடமாட்டார். நேரில் வரச்சொல்வார், இல்லை போனில் பேசுவார். எழுதி அனுப்பினால் கன்னத்தில் அடித்த மாதிரி இருக்கும் என்பார். முதலில் பிடித்த இடத்தைச் சொல்லுவார். அப்புறம்தான் மெதுவாக, அது அப்போ இருந்துதா என்று ஆரம்பிப்பார்.

பல்லவர், சோழர், நாயக்கர், நவாப், கம்பெனி என்று எல்லாக் காலத்திலும் நான் சிவப்புப் பென்சிலோடு நுழைந்து வந்தேன். சோழன் மாளிகைப் பாயசத்திலிருந்து முந்திரிப் பருப்பைப் பொறுக்கினேன். பாண்டிய ஒற்றன் வாயிலிருந்த புகையிலையைப் பிடுங்கினேன். எழுத்தாளர்கள் என்னைக் கண்டால் பயந்தார்கள், எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு வருடக் கடைசியில் அம்மா என் சீட்டுக் கட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மூணாவது கட்டம் காலியாவே இருக்கே சலீம் என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

தேவராஜ் அண்ணன் வந்தது அதற்குப் பிறகு. எங்கள் ஊர் ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல் பயிரிடுகிறவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். பத்தாவதுக்கு மேல் படித்ததில்லை. நாற்று நட்டு அறுப்புக்குக் காத்திருக்கும் மாதங்களில் எழுதி எழுதி, பத்து வருடத்தில் ஒரு நாவலை முடித்து, ஒரு துணிப்பையில் போட்டு, பஸ் ஏறிக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் அத்தியாயத்தைப் படித்ததுமே அம்மா எழுந்து நின்றுவிட்டார். அவர் அப்படி நின்று நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

ஒரே ஏரி, ஒரே மதகு, மூன்று காலம். பல்லவர் காலத்தில் ஆரம்பித்து, நவாப் காலம் வந்து, வெள்ளைக்காரன் காலத்தில் முடியும். முதல் பாகத்தில் ஒரு பெண். அவள் குடும்பத்துக்கு ஏரியில் படகு விட்டு, மதகை அடைக்கும் சேற்றைக் கூடை கூடையாக அள்ளிக் கொண்டுவந்து கரையில் கொட்டும் வேலை. படகிலிருந்து பார்க்கும்போது மதகுக் கல்லில், தண்ணீர்ப் பக்கம், ஒரு விரிசல் அவள் கண்ணில் படுகிறது. கரையில் நிற்கும் பெரியவர்கள் யாருக்கும் அது தெரியாது, அவள் சொன்னால் நம்பவும் மாட்டார்கள். அவள் எப்படி ஊரைக் காப்பாற்றுகிறாள் என்பது கதை. அடுத்த பாகத்தில் அந்தப் படகின் பலகை ஒருவர் வீட்டுக் கதவாக இருக்கும். கடைசிப் பாகத்தில் அதன் நங்கூரக் கல் சேற்றிலிருந்து கிடைக்கும்.

வயிறு சரியாக இருந்தது. கால் சரியாக இருந்தது. வானத்தில் வந்து நின்றேன். ஏரியில் தூர் வாருவது கோடையில். தண்ணீர் வற்றினால் வண்டி இறக்கி மண் எடுப்பார்கள். நான் பிறந்ததிலிருந்து பார்த்தது அதுதான். தண்ணீர் இருக்கும்போது படகில் போய்ச் சேறு எடுப்பதாவது? சிவப்புப் பென்சிலை எடுத்தேன். எந்தப் புத்தகத்தையும் திறக்கவில்லை. மதுரைப் பக்கத்துக் கதையாக இருந்தால் நாலு புத்தகம் பார்த்திருப்பேன். தஞ்சாவூராக இருந்தால் யாருக்காவது கடிதம் எழுதியிருப்பேன். இது என் ஊர் ஏரி.

அம்மா சீட்டைப் பார்த்துவிட்டு நிச்சயமா என்றார். எங்க ஊரு ஏரிம்மா என்றேன். அவர் கறுப்புப் பென்சிலைக் கையில் எடுத்து, கொஞ்சம் உருட்டிவிட்டு, திரும்பக் கீழே வைத்தார். அண்ணனை வரவழைத்து, பக்கத்தில் என்னையும் உட்கார வைத்தார்.

அண்ணன் சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார். "பாய், மதகாண்ட ஒரு பள்ளம் கீது. எந்தக் கோடைலயும் அது வத்தாது. வண்டி எறங்காது. சேறு அங்கதான் வந்து அடைக்கும். படகு இல்லாம அத்த எப்டி எடுத்திருப்பாங்க?"

எழுத்தில் ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். நேரில் யாராவது படகில் எடுத்துப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டேன். அதுவும் இல்லை என்றார். இதற்குமேல் நான் என்ன செய்யட்டும் என்பது போல அம்மாவைப் பார்த்தேன். மளிகைக் கடைப் பையன், தராசில் நெல்லைப் பார்த்தவனே தவிர வயலில் பார்த்தவனில்லை, இரண்டு ஏக்கர் பயிரிடுகிறவரிடம் ஏரியைப் பற்றிச் சாட்சி கேட்டேன். அப்போது எனக்கு அது உறைக்கவே இல்லை.

"நீங்க படிச்சவங்க. தெரிஞ்சிதான் சொல்வீங்க" என்று அண்ணன் கையெழுத்துப் போட்டார். எட்டாம் அத்தியாயம் முழுசாகப் போயிற்று. கதவுப் பலகை போயிற்று, நங்கூரக் கல் போயிற்று. படகு இல்லாமல் அந்தப் பெண் தண்ணீர்ப் பக்கத்து விரிசலை எப்படிப் பார்ப்பாள்? வேறு வழியில்லாமல் அம்மன் கனவில் வந்து சொன்னதாக மாற்றினோம். சொன்னது நான்தான். கனவுக்குச் சீட்டுத் தேவையில்லை. எந்தக் காலத்திலும் கனவு இருந்தது.

புத்தகம் வந்தது, சுமாராகப் போனது. கடைசியில் கனவு வந்து கெடுத்துவிட்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். இரண்டாவது நாவலும் மனதில் இருப்பதாக முதல் நாளே அண்ணன் சொல்லியிருந்தார். அம்மா வருடத்துக்கு ஒருமுறை கேட்டுக் கடிதம் போடுவார். வயல் வேலை அதிகம் என்று பதில் வரும். சிலருக்கு ஒரே புத்தகம்தான் உள்ளே இருக்கும் என்று நான் அலுவலகத்தில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் நாக்கு கூசுகிறது.

அம்மா காலமாகி, நானும் ஓய்வு பெற்றபோது அலுவலகம் சின்ன இடத்துக்கு மாறியது. பழுப்பு உறைகளைப் பழைய பேப்பருக்குப் போட எடுத்து வைத்திருந்தார்கள். மனசு வரவில்லை. இரண்டு அரிசிச் சாக்கில் கட்டி உத்திரமேரூர் பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் லக்கேஜ் போட்டார். கடை மாடியில் எனக்கு ஒதுக்கிய அறையில் கட்டிலுக்கடியில் அவை கிடந்தன.

ஓய்வு பெற்றவனுக்குக் காலை நாஷ்டாவுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் நேரம் பெருத்துக் கிடக்கும். நூலகத்துக்குப் போவேன். தொண்டை நாட்டு ஏரிகளைப் பற்றி ஒரு புத்தகம் கையில் கிடைத்தது. நாலு பக்கம் புரட்டியிருப்பேன். ஏரியில் சேறு எடுப்பதற்கென்று படகு வைத்திருந்தார்கள், அதை ஓட்ட ஆள் வைத்து அதற்கு மானியமும் விட்டார்கள், கல்வெட்டுகளில் இருக்கிறது என்று எழுதியிருந்தது. எங்கள் பக்கத்து ஏரிகளில்தான். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். வரி மாறவில்லை. கல்வெட்டு நிறைந்த சுவர்கள் உள்ள ஊரில் பிறந்து, அந்தச் சுவர்களைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் நான். ஊரார் காலத்தையெல்லாம் சரிபார்த்தேன். என் ஊரை ஒருநாளும் படிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சாக்கைப் பிரித்தேன். உறை கிடைக்க இரண்டு நாள் ஆயிற்று. எட்டாம் அத்தியாயம், அண்ணனின் குண்டு குண்டான கையெழுத்தில் பதினாலு பக்கம். மேலே சீட்டு. இல்லை என்ற கட்டத்தில் சிவப்புக் குறி. ஏரியில் தூர் வாருவது கோடையில், படகுக்கு வேலை இல்லை. கீழே என் கையெழுத்து, வளைத்து வளைத்து, ஏதோ கலெக்டர் போட்ட மாதிரி.

அண்ணன் இப்போது ராஜகுளத்தில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்தது. காஞ்சிபுரம் போய் பஸ் மாறினேன். போகிற வழியெல்லாம் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். முதலில் பிடித்ததைச் சொல்ல வேண்டும் என்பது அம்மா வழக்கம். ஆனால் என்னைப் பற்றிச் சொல்ல எனக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். உறையைக் கொடுத்தேன், நூலகப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தேன். தப்பு என்னுதுண்ணா என்று மட்டும் சொன்னேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு சீட்டைப் படித்தார். மகள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அண்ணன் சீட்டை உறைக்குள் திரும்ப வைத்தார்.

"உங்க மேல கோவமெல்லாம் இல்ல பாய். ஆனா அந்தப் படகு போனப்புறம் எனக்கே சந்தேகம் வந்துட்சி. கண்ணால பாக்காதத எழுதிக்கினு கீறமேன்னு. பேனாவ எடுத்தா உங்க மூஞ்சிதான் எதுர வந்து நிக்கும். அது இருந்துதான்னு கேக்கும். மூடி வெச்சிருவேன்."

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. ஒரு வார்த்தையில், ஒரு பென்சில் கோட்டில் ஒருவர் இருபது வருடம் எழுதாமல் இருந்திருக்கிறார். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"அது இருக்கட்டும். அந்தப் படகு திரும்ப வருமா?" என்றார்.

வரவைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேனே தவிர, எனக்கு நம்பிக்கை இல்லை. பழைய புத்தகம், பெரிதாக விற்காதது, முழுக்க மறுபடி அச்சுக்கோக்க வேண்டும். பதிப்பகத்தை இப்போது நடத்துகிறவர் முப்பது வயதுப் பெண். அத்தியாயத்தை போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். காலையில் அனுப்பினேன், சாயங்காலம் கூப்பிட்டார். "அந்தக் கனவு ஏன் ஒட்டாம நிக்குதுன்னு இப்பதான் சார் புரியுது. போடறோம்" என்றார். கதவுப் பலகையும் நங்கூரக் கல்லும் வேறு உறைகளில் இருந்தன. ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தோம். கடைசிப் பக்கத்துக் குறிப்பில் என் பெயரைப் போடக்கூடாது என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தார். ஒருவர் எழுதியதை எடுத்தால் எடுத்தது யார் என்று இருக்க வேண்டும் என்று அம்மா சொன்னதைச் சொன்னேன். சரி, போட்டுக்கோங்க பாய் என்றார்.

போன வாரம் ராஜகுளத்திலிருந்து ஒரு துணிப்பை வந்தது. புது நாவல், முதல் ஆறு அத்தியாயம். நவாப் காலம், வாலாஜாபாத்தில் துணி வாங்கப் போகும் ஒரு குடும்பம். மேலே ஒரு சின்னக் காகிதத்தில், வயிறு, காலு, வானம் மூணும் பாத்துட்டுச் சொல்லுங்க பாய் என்று எழுதியிருந்தார். நான் அந்த முறையைப் பற்றி அவரிடம் சொன்னதில்லை. அம்மா சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாம் அத்தியாயத்தில் உத்திரமேரூர் பஜார் வருகிறது. ஒரு கடைக்கார பாய் வருகிறார். என்ன கேட்டாலும், பின்னால் திரும்பி அலமாரியைப் பார்க்காமலே, இல்லை என்று சொல்லும் ஆள். கேட்டவர்கள் விரல் நீட்டிக் காட்டினால்தான் எடுத்துக் கொடுப்பார். நான் தனியாக உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். கீழே கடையிலிருந்து என் தம்பி மகன் என்ன பெரியத்தா என்று கேட்டு மேலே வந்துவிட்டான்.

அதே பக்கத்தில் அந்தக் குடும்பம் அந்தக் கடையில் உருளைக்கிழங்கு கேட்கிறது. என் கை தானாகச் சிவப்புப் பென்சிலுக்குப் போயிற்று. உருளைக்கிழங்கு கப்பல் சரக்கு. நவாப் காலத்தில் எங்கள் பஜாருக்கு அது வந்திருக்குமா? வந்திருக்காது என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பழைய சீட்டுக் கட்டில் மிஞ்சியிருந்த ஒன்றை எடுத்தேன். சிவப்பை வைத்துவிட்டு, தம்பி மகனிடம் கடையில் ஒரு கறுப்புப் பென்சில் வாங்கிவரச் சொன்னேன். சீவிக்கொண்டு, மூன்றாவது கட்டத்தில் குறி போட்டேன்.

தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன். அதுவரை உருளைக்கிழங்கு கடையில் இருக்கட்டும். சலீம்.